மைலேஜ் கூட்டும் கருவிகள் வேலை செய்கின்றனவா? சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

300 ரூபாய் பிளக்கிலிருந்து 30,000 ரூபாய் ஹைட்ரஜன் கிட் வரை, எல்லாப் பெட்டியிலும் "20% முதல் 35% வரை மைலேஜ் கூடும்" என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெட்ரோல் காரை முன்வைத்து எழுதியிருக்கிறோம். டீசலுக்கும் பைக்குக்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

என்னென்ன கருவிகள் விற்பனையில் இருக்கின்றன?

பெட்ரோல் குழாயின் மேல் கட்டும் காந்தம், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் செருகும் சுழல் தகடு, ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கோளாறுகளைப் படிக்க மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் பிளக், சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் 'வோல்டேஜ் சீராக்கி', தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும் எச்எச்ஓ கிட், டேங்கில் போடும் மாத்திரையும் திரவமும். பெயரும் பெட்டியும் ஆண்டுதோறும் மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றுதான்.

"எரியாமல் வீணாகும் பெட்ரோலை முழுமையாக எரிய வைக்கிறது" என்கிறார்களே, அது உண்மையா?

கிட்டத்தட்ட எல்லா விளம்பரமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் போதும், மீதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

சூடேறிய, நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில் உள்ளே போகும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 95 முதல் 98 சதவீதம் சிலிண்டருக்குள்ளேயே எரிந்து வெளிப்பட்டுவிடுகிறது. டீசலில் 98 சதவீதத்துக்கும் மேல். எரியாமல் மிஞ்சுவது 2 முதல் 5 சதவீதம். அதை ஒரு சொட்டு விடாமல் எரித்தாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச லாபம் அந்த 2 முதல் 5 சதவீதம்தான். 20 சதவீதம் அங்கே இல்லவே இல்லை.

பெட்ரோல் வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் எரிந்த பிறகு வீணாகிறது. வெளிவரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடாகப் போகிறது, இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியே போகிறது. சக்கரத்தை உருட்டக் கிடைப்பது கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல். இந்தச் சூட்டு நஷ்டத்தைக் குழாயில் கட்டிய காந்தமோ டேஷ்போர்டில் மின்னும் விளக்கோ தொடக்கூட முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்றைய கார்களில் ஆக்சிஜன் சென்சர் சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற விகிதம் பிசகாமல் பார்த்துக்கொள்கிறது. எத்தனால் கலந்திருந்தால் எண் சற்றுக் குறையும், வேலை அதேதான். கருவி கூடுதல் காற்றை விட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். கணினி இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலந்த கார்பரேட்டர் காலத்தில் காற்றைக் கசியவிடும் சில கருவிகள் சிறு பலன் காட்டியதற்கும் இன்று காட்டாததற்கும் காரணம் இதுதான்.

காந்தம்?

பெட்ரோல் மூலக்கூறுகள் காந்தத்துக்கு இழுபடும் வகையைச் சேர்ந்தவை அல்ல. "கொத்துக் கொத்தாக இருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்துவிடுகிறது" என்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. இன்ஜெக்டர் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலை நுண்துளியாகச் சிதறடிக்கிறது. அதற்கு ஒரு முழம் முன்னால் காந்தத்தைக் கட்டி என்ன ஆகப்போகிறது? கெடுதலும் இல்லை, பணம்தான் போகும்.

ஓபிடி பிளக் இசியுவை 'ரீமேப்' செய்யுமா, அதாவது அதன் மென்பொருள் அளவுகளை மாற்றி எழுதுமா?

செய்யாது. பிளக்கின் மூடியை நெம்பித் திறந்தால் நீங்களே பார்க்கலாம். மலிவானவற்றில் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர், இரண்டு மூன்று எல்இடி, ஒரு பொத்தான், சில ரெசிஸ்டர்கள் இருக்கும். காரிலுள்ள கணினிகள் பேசிக்கொள்ளும் 'கேன்' (CAN) தகவல் தடத்தோடு பேசுவதற்கு வேண்டிய டிரான்சீவர் சிப் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாமல் இசியுவோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. உண்மையான ரீமேப்புக்கு அந்தந்த நிறுவனத்தின் பாதுகாப்புச் சாவியைத் தாண்ட வேண்டும், அந்த இசியுவுக்கென்றே தயாரித்த கோப்பை ஏற்ற வேண்டும். எல்லாக் காருக்கும் ஒரே பிளக் என்று சொல்லும்போதே சந்தேகப்பட வேண்டும்.

"200 கிலோமீட்டர் ஓட்டினால் உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்" என்ற குறிப்பு பெட்டியில் இருக்கும். அந்த 200 கிலோமீட்டரில் மாறுவது உங்கள் கால்தான்.

எச்எச்ஓ கிட் தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கிறதே?

எடுக்கிறது, ஆனால் எடுப்பதற்கு ஆகும் செலவு வரவைவிடப் பல மடங்கு. கணக்கைப் பார்ப்போம். ஆறு செல்கள் கொண்ட கிட், 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கிறது: 276 வாட். மின்பகுப்பு விதிப்படி அதிலிருந்து வருவது நிமிடத்துக்குச் சுமார் 1.25 லிட்டர் வாயு. அதிலுள்ள ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது சுமார் 150 வாட் வெப்பம். அந்த 276 வாட் மின்சாரத்தைத் தர ஆல்டர்னேட்டர் இன்ஜினிடமிருந்து 500 வாட் வாங்கும். அந்த 500 வாட்டைத் தர இன்ஜின் சுமார் 2,000 வாட் அளவுக்குப் பெட்ரோலை எரிக்கும். 2,000 கொடுத்து 150 வாங்குகிறோம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் ஏறக்குறைய 26,700 வாட் பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கும். அதில் 150 என்பது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். "ஹைட்ரஜன் பெட்ரோலை வேகமாக எரிய வைக்கும்" என்று அடுத்த வாதம் வரும். இன்ஜின் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அதில் ஒன்றேகால் லிட்டர் வாயு கலந்து எரிதலின் போக்கைப் பெரிதாக மாற்றிவிட முடியாது.

ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிக்கும் விகிதத்திலேயே ஒரே குழாயில் வருகின்றன. தீ குழாய் வழியே பின்னோக்கி வந்தால் (பின்னெரிப்பு) தடுக்க, வாயுவைத் தண்ணீருக்குள் குமிழியிட்டுக் கடத்தும் பபுளர் வேண்டும். பல கிட்களில் இருக்கும் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

சுழல் தகடு?

தகட்டில் எழும் சுழற்சி, அடுத்து வரும் த்ராட்டில் தட்டு, மேனிஃபோல்டு, வால்வு ஆகியவற்றைக் கடப்பதற்குள் கலைந்துவிடும். சிலிண்டருக்குள் தேவையான சுழற்சியை உண்டாக்குவது வால்வுக்கு முன்னுள்ள துளையின் வடிவம். தகடு செய்வது ஒன்றே ஒன்று: முழு ஆக்சிலரேட்டரில் காற்றை மறித்துச் சக்தியைச் சற்றுக் குறைக்கும்.

ஆனால் என் நண்பருக்கு 15-லிருந்து 18 ஆகிவிட்டதே?

அவர் பொய் சொல்லவில்லை. 18 வந்திருக்கும். அது கருவியால் வந்ததா என்பதுதான் கேள்வி. மாட்டிய அன்று மெக்கானிக் டயருக்குக் காற்று அடித்திருப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டி வைத்திருப்பார். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருந்தால் இசியு பழைய கற்றலை மறந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். பணம் போட்டவர் பலன் பார்க்கும் ஆவலில் மிதமாக ஓட்டியிருப்பார். அந்த வாரம் ஊருக்குப் போய் வந்து நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கூடியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மைலேஜ் மோசமாகக் காட்டிய வாரத்தில்தான் யாரும் கருவி வாங்கப் போவார்கள். அடுத்த வாரம் அது தானாகவே வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்கும்.

ஃபுல் டேங்க் முறையில் எவ்வளவு பிழை வரும்?

டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுப்பதுதான் ஃபுல் டேங்க் முறை. இதில் ஆட்டோ கட் ஆகும் இடம் ஒவ்வொரு நாஸிலுக்கும், நிரப்பும் வேகத்துக்கும், கார் நிற்கும் சரிவுக்கும் ஏற்ப மாறும். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வித்தியாசம் வருவது சாதாரணம். 10 லிட்டர் மட்டும் ஓட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் அதுவே 5 முதல் 10 சதவீதப் பிழை. அதனால்தான் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒருமுறை நிரப்பியதிலிருந்து அடுத்த முறை நிரப்புவது வரை, குறைந்தது 25 முதல் 30 லிட்டராவது எரிய வேண்டும் என்கிறோம்.

ஒரே பங்க், ஒரே நாஸில், காரை ஒரே திசையில் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். முதல் முறை கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். பையன் ரூபாயை முழுதாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரமும் ஒன்றாக இருக்கட்டும், காலையில் என்றால் எப்போதும் காலையில். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும். 10 டிகிரி வித்தியாசம் 1 சதவீதம்.

எத்தனால் கலவையையும் கவனியுங்கள். ஒரு சுற்றில் இ10 (10 சதவீத எத்தனால்), அடுத்ததில் இ20 (20 சதவீதம்) என்றால் லிட்டருக்கான ஆற்றலே 3 முதல் 4 சதவீதம் குறைந்துவிடும். எந்தக் கருவியின் பலனையும் விழுங்கிவிடும் அளவு அது.

சரி, வீட்டிலிருந்தே ஒழுங்காகச் சோதிக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் காரைச் சரியாக்குங்கள். ஏர் ஃபில்டர், ஆயில், வீல் அலைன்மென்ட், பிரேக் பிடித்துக்கொண்டு உருள்கிறதா என்பது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் கதவோரப் பட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்து, வாரம் ஒருமுறை பாருங்கள். சோதனை முடியும் வரை டயரையோ பங்க்கையோ ஓட்டுநரையோ மாற்றக் கூடாது. ஓடோமீட்டர் துல்லியம் பற்றிக் கவலை வேண்டாம். அது எப்போதும் ஒரே அளவில் தவறுவதால் ஒப்பீட்டைப் பாதிக்காது.

பிறகு சுற்றுகளை இந்த வரிசையில் ஓட்டுங்கள்: கருவி இல்லாமல், கருவியோடு, கருவியோடு, கருவி இல்லாமல். இதை இரண்டு முறை. மொத்தம் எட்டு டேங்க், ஒவ்வொன்றும் 400 முதல் 500 கிலோமீட்டர். "முதலில் நாலு டேங்க் இல்லாமல், அடுத்து நாலு டேங்க் மாட்டி" என்று ஓட்டினால் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் கருவியின் கணக்கில் ஏறிவிடும். மேலே சொன்ன வரிசையில் படிப்படியான மாற்றங்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகும்.

பலரும் தவிர்க்கும், ஆனால் எங்கள் பார்வையில் மிக முக்கியமான படி: எந்தச் சுற்றில் கருவி இருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் இன்னொருவர் மாட்டிக் கழற்றிக் குறித்து வைக்கட்டும். வரிசையைக் கருவி இல்லாமல் தொடங்குவதா, மாட்டித் தொடங்குவதா என்பதை நாணயத்தைச் சுண்டி அவரே முடிவு செய்யட்டும். ஓபிடி பிளக்குக்குப் போலி செய்வது எளிது. அதே பிளக் இன்னொன்று வாங்கி, 4, 5, 16 ஆகிய கால்களை விட்டுவிட்டு மற்ற கால்களை வெட்டிவிடுங்கள். 16 பேட்டரி, 4-ம் 5-ம் எர்த். விளக்கு வழக்கம்போல் மின்னும், காரோடு எந்தத் தகவல் தொடர்பும் இருக்காது. காந்தத்துக்குப் பதில் அதே அளவு மரத்துண்டில் டேப் சுற்றிக் கட்டலாம். சோதனை முடியும் வரை பானெட்டைத் திறந்து பார்க்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் ஒரே நாளில் சோதிக்க முடியாதா?

முடியும், ஆனால் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் டயரும் சூடாக 30 நிமிடம் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். போக்கு, வரத்து இரண்டையும் சேர்த்தே ஒரு ஓட்டமாகக் கொள்ளுங்கள். குரூஸ் கன்ட்ரோலில் 80. கண்ணாடி மூடியிருக்கட்டும். ஏசி எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி. டோல் வரிசை குறுக்கிடாத துண்டாகப் பாருங்கள்.

காற்றுதான் பெரிய எதிரி. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம், காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும் இடத்தில் ஓட்டிப் பார்த்த மைலேஜுக்கு மதிப்பே இல்லை. எதிர்க்காற்றில் இழந்தது அத்தனையும் பின்காற்றில் திரும்பி வருவதில்லை. வெப்பநிலையும் பாருங்கள்: 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், காற்றுத் தடையும் அதே அளவு குறையும். விடிகாலையில் கருவி இல்லாமலும் மதியத்தில் கருவி மாட்டியும் ஓட்டினால் கருவி 'ஜெயித்துவிடும்'.

வந்த எண்களை எப்படிப் படிப்பது?

ஒரு மாதிரிக் கணக்கு. கருவி இல்லாமல் நாலு டேங்க்: 17.8, 18.6, 17.1, 18.3. சராசரி 17.95. கருவியோடு: 18.9, 17.6, 18.8, 18.1. சராசரி 18.35. வித்தியாசம் 0.4, அதாவது 2.2 சதவீதம். "கூடியிருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் கருவி இல்லாத நாலு டேங்குக்குள்ளேயே 17.1-க்கும் 18.6-க்கும் 1.5 இடைவெளி இருக்கிறது. இந்தச் சிதறலை வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசத்தின் நிலைப்பிழை (தற்செயலாகவே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவு) சுமார் 0.45. வித்தியாசமே அதைவிடக் குறைவு. இந்த எட்டு டேங்கில் நம்பத்தகுந்த முடிவு என்று சொல்ல 1.1 கிலோமீட்டராவது, அதாவது 6 சதவீதமாவது, கூடியிருக்க வேண்டும்.

பெட்டியில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் இந்தச் சோதனை தாராளமாகப் போதும். 20 சதவீதம் எந்தச் சிதறலையும் தாண்டித் தெரியும். விற்பவர் பிறகு "3 சதவீதம் நிச்சயம் கூடியிருக்கும்" என்று இறங்கி வந்தால், அதை ஃபுல் டேங்க் முறையில் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

என் சோதனையே சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை தெரிந்த ஒன்றை முதலில் சோதியுங்கள். அதே சாலையில் 80-ல் ஒரு சுற்று, 100-ல் ஒரு சுற்று. காற்றுத் தடை 56 சதவீதம் கூடுவதால் மைலேஜ் தெளிவாகக் குறைய வேண்டும். அதுகூட உங்கள் எண்களில் தெரியாவிட்டால், கருவியைச் சோதிக்கும் அளவுக்கு உங்கள் முறை இன்னும் தயாராகவில்லை.

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்பலாமா?

அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. ஒரே காரில் ஒப்பிட ஓரளவு உதவும். ஆனால் சென்சர் சிக்னலை மாற்றும் கருவி எதையாவது மாட்டியிருந்தால் அந்த எண்ணையும் புளூடூத் ஸ்கேனர் செயலியையும் நம்பாதீர்கள். செயலிகள் பல, காற்றின் அளவைப் பார்த்து 14.7-ஆல் வகுத்துப் பெட்ரோலை ஊகிக்கின்றன.

பைக்கில் 100 மில்லி ஊற்றிக் காட்டுகிறார்களே?

கார்பரேட்டர் பைக்கில், கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்துக்குள்ளேயே பல பத்து மில்லி பெட்ரோல் நிற்கும். அது நிறைந்து தொடங்கியதா, காலியாகித் தொடங்கியதா என்பதை வைத்தே 100 மில்லி சோதனையின் முடிவு தலைகீழாகும். முதல் ஓட்டம் குளிர்ந்த இன்ஜினில், இரண்டாவது சூடான இன்ஜினில் என்றால் இன்னும் மோசம். ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறிக் காட்டுவதும் மைலேஜுக்குச் சான்றல்ல.

ஆய்வகங்களில் எப்படி அளக்கிறார்கள்?

காரை டைனமோமீட்டர் உருளைகளின் மேல் ஏற்றி, நொடிக்கு நொடி வகுத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். வெளிவரும் புகை முழுவதையும் பிடித்து அதிலுள்ள கார்பனை அளப்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதால், புகையிலிருந்தே எரிந்த பெட்ரோலைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இந்தியாவில் புனேயின் ஏஆர்ஏஐ இப்படிச் சோதிக்கும் நிறுவனம். சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஜிஏஆர்சி என்ற மையம் இருக்கிறது.

லாரிகளுக்கு எஸ்ஏஇ ஜே1321 என்ற சாலைச் சோதனை முறை உண்டு. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் சேர்ந்தே ஓடும். ஒன்றில் எதையும் மாற்றமாட்டார்கள், மற்றதில் கருவியைப் பொருத்துவார்கள். தனி டேங்கைக் கழற்றித் தராசில் எடைபோட்டு, இரண்டின் செலவு விகிதத்தைப் பார்ப்பார்கள். காற்றோ வெயிலோ மாறினால் இரண்டையும் சேர்த்தே பாதிக்கும் என்பது இதன் பலம். பெட்ரோல் காரில் தனி டேங்க் கட்டி எடைபோடும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோலும் சூடான சைலன்சரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அரசு அமைப்பு எதாவது இவற்றைச் சோதித்திருக்கிறதா?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஈபிஏ, 1970-களிலிருந்து 100-க்கும் மேற்பட்ட கருவிகளை மதிப்பிட்டிருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவில் மைலேஜைக் கூட்டியது எதுவும் இல்லை. சிலவற்றில் சிறு பலன் தெரிந்தாலும் புகை மாசு கூடியது.

இந்தியாவில் 2017 முதல் கார் நிறுவனங்களுக்கு சிஏஎஃப்இ விதிகள் உண்டு. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு வைப்பவை அவை. 2022-லிருந்து சராசரி உமிழ்வு கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற அளவுக்கு இறுக்கினார்கள். ஒரு கிராம் குறைக்கவே பொறியாளர்கள் டயர் ரப்பரையும் கண்ணாடியின் வளைவையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 300 ரூபாயில் 20 சதவீதம் கிடைத்தால் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியிருப்பார்கள்.

"சோதித்த சான்றிதழ்" காட்டினால்?

முழு அறிக்கையைக் கேளுங்கள். எந்த மாடல் கார், எந்த ஓட்ட அட்டவணை, மாட்டும் முன்பும் பின்பும் எத்தனை ஓட்டம், ஒவ்வொன்றின் எண் என்ன. ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக முறைக்கான சான்று, மைலேஜைப் பற்றி எதுவும் சொல்லாது. காப்புரிமை எண்ணும் அப்படியே. ஏஆர்ஏஐ பெயர் இருந்தாலும் சோதித்தது புகை அளவையா, தீப்பிடிக்கும் தன்மையையா, மைலேஜையா என்று பாருங்கள்.

டேங்கில் ஊற்றும் திரவத்தில் ஒன்றுகூடப் பயனில்லையா?

இன்ஜெக்டரும் வால்வும் கரி பிடித்திருந்தால், நல்ல சோப்புத்தன்மை உள்ள கிளீனர் இழந்த மைலேஜை மீட்டுத் தரலாம். சுத்தமான இன்ஜினில் கூடுதலாக எதுவும் தராது. 91 ஆக்டேன் போதும் என்று வடிவமைத்த காரில் ஆக்டேன் பூஸ்டர் வீண்.

கெடுதல் செய்யும் கருவி எது?

ஆக்சிஜன் சென்சரின் சிக்னலைத் திரித்துக் கலவையை மெலிதாக்கும் பெட்டிகள். எச்எச்ஓ கிட்டோடு சேர்த்தே இதை விற்பார்கள். கொஞ்சம் மைலேஜ் கூடுவதுபோல் தெரியலாம். கூடவே இன்ஜின் திணறும், நைட்ரஜன் ஆக்சைடு புகை ஏறும், சிலிண்டரில் தீப்பற்றாமல் போனால் (மிஸ்ஃபயர்) எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அதை மாற்ற ஆகும் செலவு பல ஆண்டுப் பெட்ரோல் மிச்சத்தைத் தின்றுவிடும். ஒயரை வெட்டி இணைத்திருந்தால் வாரண்டியும் சிக்கலாகும்.

அப்படியானால் எதில்தான் மைலேஜ் கூடும்?

வேகம், டயர் காற்று, கூரைமேல் சுமை, நின்றபடி இன்ஜினை ஓடவிடும் நேரம். நாலு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 8 பிஎஸ்ஐ குறைந்து ஓடும் கார்கள் நம் ஊரில் ஏராளம். காற்று அடிக்க ஆகும் செலவைச் சொல்ல வேண்டியதில்லை. கூரைப்பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை இழுத்துவிடும். சபரிமலைக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்த பிறகு கேரியரைக் கழற்றி வையுங்கள்.

ஏற்கெனவே ஓபிடி பிளக் மாட்டியிருக்கிறேன், கழற்ற வேண்டுமா?

கழற்றிவிடுங்கள். 16-ம் கால் சாவியை அணைத்தாலும் பேட்டரியோடு இணைந்தேயிருக்கும். 30 மில்லிஆம்பியர் இழுக்கும் பிளக் நாளுக்கு 0.7 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய காரை மூன்று வாரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கழற்றிய பிறகு சாக்கெட்டின் கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்சர் ஒயரில் கைவைத்த கருவி என்றால் வெட்டிய இடங்களைச் சர்வீஸ் சென்டரில் சரிசெய்து, சேமித்த பிழைக் குறியீடுகளை அழித்து, ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த சதவீதத்தை, படிக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் நீண்டகால ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி 5 சதவீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான காற்றளவு சென்சர், பெட்ரோல் அழுத்தம் என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள்.